பார்வதியின் கணக்கு

ராஜாஜியைக் கதைக்காரராக ஏற்றுக்கொள்வதில் நம் வட்டத்தில் எப்போதும் ஒரு கூச்சம் இருந்து வந்திருக்கிறது. நியாயமான கூச்சம்தான். அவர் கதைக்காகக் கதை எழுதியவர் அல்ல. மது, தீண்டாமை, கதர் என்று ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்குக் கதை கைக்கு அடக்கமாக இருந்தது. 1929-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். உதவிக்குக் கல்கி இருந்தார். கள்ளுக்கடையை மூடுவதற்காக ஒரு பத்திரிகையா என்று இன்று சிரிக்கலாம். ஆனால் தமிழ் உரைநடையின் ஒரு கிளை அங்கேதான் பழகிக்கொண்டது என்பதை மறைத்து இலக்கிய சரித்திரம் எழுத முடியாது.

பிரசாரக் கதைகளில் பாத்திரங்கள் ஆசிரியர் சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். 'திக்கற்ற பார்வதி'யில் அப்படி நடக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடியின் கேட்டைக் காட்ட அழைத்து வரப்பட்ட ஒருத்தி, ஆசிரியர் காட்ட நினைத்ததற்கு மேலாக எதையோ காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கதையின் எலும்புக்கூடு தெரிந்ததுதான். கருப்பன் கடன்பட்டு வண்டி வாங்குகிறான். வண்டி அவனைச் சந்தைக்குக் கொண்டுபோகிறது, சந்தை கள்ளுக்கடைக்கு. கடன் வளர்கிறது. கடன் கொடுத்த வீட்டு மகனுக்குப் பார்வதியின் மேல் கண். அவள் வழுக்குகிறாள். கருப்பனின் ஆத்திரம், வழக்கு, கடைசியில் அவளுக்குப் போக்கிடம் இல்லை. இதை ஒரு நோட்டீஸில் அச்சடித்துவிடலாம். ஆனால் பார்வதியின் மனசு நோட்டீஸில் அடங்காது. குடிக்கு முந்திய கருப்பன் மேல் அவளுக்கு இருந்த பிரியம் செத்துப்போகவில்லை. குடித்த கருப்பன் மேல் கசப்பு இருக்கிறது. கசப்புக்குக் காரணம் நூறு சொல்லலாம், எல்லாம் செல்லுபடியாகும். ஆனால் அந்த வழுக்கலுக்குப் பிறகு கசப்புக்கான உரிமையே தனக்கு இல்லாமல் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றிவிடுகிறது. குற்ற உணர்வு வந்து கசப்பின் வாயை அடைத்துவிடுகிறது. வாயடைபட்ட கசப்பு எங்கே போகும்? மறுபடியும் பிரியத்தின் மேலேதான் போய் விழுகிறது. இந்தச் சுழலை அந்த நாட்டுப்புறப் பெண்ணுக்குள் ராஜாஜி தெரிந்தே வைத்தாரா, கை தவறி விழுந்துவிட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. அது அங்கே இருக்கிறது.

இதே இடத்தில் புதுமைப்பித்தனின் அம்மாளுவை நினைக்காமல் இருக்க முடியாது. 'பொன்னகரம்' 1934-ல் மணிக்கொடியில் வந்தது. அங்கேயும் ஒரு வண்டிக்காரன், ஜட்காக்காரன். அங்கேயும் குடி, விபத்து, படுத்த படுக்கை. புருஷன் பால்கஞ்சி கேட்கிறான். அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். இரண்டு வண்டிக்காரர்கள், இரண்டு பெண்டாட்டிகள். ஆனால் அம்மாளுவுக்குக் குற்ற உணர்வு கிடையாது. புதுமைப்பித்தன் அதை அவளிடமிருந்து பிடுங்கி, கற்பு பேசும் வாசகனின் மடியில் போட்டுவிட்டார். நம் தலைமுறை அம்மாளுவைக் கொண்டாடியதற்குக் காரணம் அந்த வீச்சுதான். கொண்டாட்டத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அம்மாளு ஒரு நகரத்துப் பெண், மில் தொழிலாளி. கூலி அவள் கையில் விழுகிறது. சந்தும் முகம் தெரியாத சந்து. பார்வதிக்கு அப்படி ஒரு சந்து கிடையாது. அவளுடைய ஊரில் கடன்காரன், கடன்காரனின் மகன், சாட்சி சொல்கிறவன், வேடிக்கை பார்க்கிறவன் எல்லோரும் அவளுக்குத் தெரிந்த முகங்கள். குற்ற உணர்வு என்பது முகம் தெரிந்த ஊரில் விளைகிற பயிர். அம்மாளுவின் துணிச்சலைப் பார்வதியிடம் எதிர்பார்ப்பது, வானம் பார்த்த நிலத்தில் கரும்பு எதிர்பார்க்கிற மாதிரி.

ஊர் என்றேனே, அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாஜி பிறந்தது (1878, டிசம்பர் 10) ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில். அவருடைய தகப்பனார் அங்கே கிராம முன்சீப். அன்றைக்கு அது சேலம் ஜில்லாவின் வடமேற்கு விளிம்பு, அதற்கு அப்பால் மைசூர் ராஜ்யம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்காரும் பூமி. பையன் ஒசூரில் படித்துவிட்டுப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குத்தான் போனான், சென்னைக்கு அல்ல. சட்டம் படிக்கத்தான் பிறகு சென்னை. முன்சீப் வீடு என்பது தீர்வை வசூலாகிற வீடு. கிராமத்தில் யாரிடம் என்ன இருக்கிறது, யார் எதை இழந்தான் என்பதெல்லாம் அந்தத் திண்ணைக்கு வந்து சேராமல் இருக்காது. ராஜாஜியின் கதைகளில் கடனும் வண்டியும் மாடும் அத்தனை கறாரான கணக்கோடு வருவதற்கும் அந்தத் திண்ணைக்கும் சம்பந்தம் உண்டென்று நான் நினைக்கிறேன். அவர் குடியானவனைக் குடிசைக்குள்ளிருந்து பார்த்தவர் அல்ல, கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்து பார்த்தவர். பார்வதியிடம் வரும்போது மட்டும் கணக்கு இடறுகிறது.

1937-ல் அவர் சென்னை ராஜதானியின் பிரதமரானார். (முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர்.) அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கு அமலுக்கு வந்தது. முதலில் எங்கே? சேலம் ஜில்லாவில். சொந்த ஜில்லாவில் ஆரம்பித்தார் என்று அரசியல் சரித்திரக்காரர்கள் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். எனக்கு அந்த வரி ஒரு கதையின் முதல் வரி மாதிரி இருக்கிறது. எழுத்தாளன் தன் பாத்திரத்துக்குச் செய்ய முடியாததைச் சர்க்காரை வைத்துச் செய்து பார்க்கிற காரியம் அது. உலக இலக்கியத்தில் இது அபூர்வம். டால்ஸ்டாயும் குடிக்கு எதிராக எழுதினார். ஆனால் அவரிடம் ஒரு ஜில்லா இல்லை.

ஆப்காரி வருமானம் அன்றைய ராஜதானியின் வரவில் பெரிய பங்கு. அதை விட்டுக்கொடுத்தால் ஏற்படும் ஓட்டையை எப்படி அடைப்பது? 1939-ல் விற்பனை வரி வந்தது. இந்தியாவில் பொதுவான விற்பனை வரிக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்லலாம். கருப்பன் குடித்து சர்க்காருக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை, இனி பார்வதி கடையில் சாமான் வாங்கும்போது கொடுக்க வேண்டும். ராஜாஜி இதைத் தயங்காமல் செய்தார், சரியாகத்தான் செய்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் கள்ளுக்கடையைத் திறந்தபோது விற்பனை வரியை எடுத்துவிடவில்லை. இரண்டு பாக்கெட்டிலும் கை விடும் பழக்கம் நிலைத்துவிட்டது.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜிநாமா செய்தது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1948-ல் ஓமந்தூரார் காலத்தில் ராஜதானி முழுவதும் மறுபடி வந்தது. இதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடக் கூடியவை. நிதானமாகப் பார்க்க வேண்டியது 1971.

1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வருவதற்கு ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தோள் கொடுத்தது. காங்கிரஸை இறக்க வேண்டும் என்பதில் கிழவருக்கு அத்தனை பிடிவாதம். நாலு வருஷத்தில், அண்ணா இறந்த பிறகு, அதே கட்சியின் அரசு மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. காரணம் நிதி நெருக்கடி. ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 92. கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25-ல் அவர் இறந்துபோனார்.

அந்த மழைக்காட்சியை நம் அரசியல் பேச்சாளர்கள் தேவைக்குத் தக்கபடி நெகிழ்ச்சியாகவோ கிண்டலாகவோ சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பார்வதி தெரிகிறாள். தான் கைகொடுத்து ஏற்றிய வண்டி தன் வீட்டையே இடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவளின் நிலை. அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிலைமையின் வடிவத்தைச் சொல்கிறேன்: வேண்டியவர்கள் மேல் கசப்பு, கசப்பை முழுதாகச் சொல்லவிடாமல் தன் பங்கும் அதில் கலந்திருப்பது. 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை மன்னிக்காதவர்கள் பலர், அதற்கான நியாயத்தோடுதான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டே இந்த மழையையும் பார்க்க முடிய வேண்டும் என்பது என் கட்சி.

படம் 1974-ல் வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் டைரக்ட் செய்தார். லக்ஷ்மி பார்வதி, ஸ்ரீகாந்த் கருப்பன். இசை, வீணை சிட்டிபாபு. தொரப்பள்ளியிலேயே எடுத்தார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதே 1974-ல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. கள்ளுக்கடைகள் முந்தின வருஷமே மூடியாகிவிட்டது. ஆக, பார்வதி திரையில் அழுதபோது, அவளை அழவைத்த சட்டபூர்வமான கடை தற்காலிகமாக ஒழிந்துபோயிருந்தது. சினிமாவையே ஒரு கேடாக நினைத்த மனிதரின் கதைக்கு நல்ல சினிமா வாய்த்தது வேடிக்கை. இன்னொரு வேடிக்கை: மூன்று வருஷம் கழித்து, ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படமானபோது (1977) அதே லக்ஷ்மி, அதே ஸ்ரீகாந்த். அங்கே ஸ்ரீகாந்த் கெடுத்தவன், இங்கே கெட்டுப்போனவளின் புருஷன். ஒரே ஜோடி முகங்களை வைத்துக்கொண்டு தமிழ் சினிமா அந்த மூன்று வருஷத்தில் பெண்ணின் குற்ற உணர்வை இரண்டு திசையிலிருந்து கேட்டுப் பார்த்தது. கங்காவுக்குப் படிப்பும் உத்தியோகமும் இருந்ததால் தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போய் நிற்க முடிந்தது. பார்வதிக்குத் தேடிப் போக வேறு இடமில்லை, மறுபடியும் கருப்பன்தான்.

படப்பிடிப்பு நடந்த அந்த வருஷங்களில் ஒசூர் ஒரு சின்னத் தாலுகா ஊர். பிறகு சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், சில வருஷங்களில் டைட்டனும். ராகியும் கொள்ளும் விளைந்த நிலங்களில் ஷிப்ட் சங்கு ஒலித்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. முன்சீப் திண்ணையில் இருந்த கணக்கும் கள்ளுக்கடை கல்லாவும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

எல்லைப்புறத்தில் மதுவிலக்கு என்பது எப்போதுமே பாதிச் சட்டம். ஒரு பக்கம் கதவைச் சாத்தினால் மறுபக்கம் திறந்திருக்கும். ஒசூரிலிருந்து அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். 2007-ல் கர்நாடகம் சாராயத்தைத் தடைசெய்தது. 2008 மே மாதம் பெங்களூர்ப் பக்கத்திலும் ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலுமாகக் கள்ளச்சாராயத்தில் 150-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டு மாநிலப் போலீஸாரும் எல்லைக்கு அந்தப் பக்கம் கைகாட்டினால் வியப்பில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், கருப்பன்கள். அவர்களுடைய பெண்டாட்டிகளைப் பற்றி யாரும் ஒரு கதை எழுதியதாகத் தெரியவில்லை. எழுதினாலும் அது நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றிய கதையாக இருக்கும், அவள் அன்று காலையில் அவனை எப்படித் திட்டி அனுப்பினாள் என்பதைப் பற்றியதாக இருக்காது.

2017-ல், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்ற சுப்ரீம் கோர்ட் உத்தரவு அமலுக்கு வந்தபோது, கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. தமிழ்நாட்டில் பல இடங்களில் பெண்கள் திரண்டு கடைகளை மறித்தார்கள், சில இடங்களில் அடித்து நொறுக்கினார்கள். பார்வதிக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது: கூட்டம். கூட்டத்தில் கசப்புக்கு வாய் கிடைக்கிறது. ஆனால் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனதும் அதே புருஷன், அதே பிரியம். அவன் கேட்டபோது தானே எடுத்துக் கொடுத்த இருநூறு ரூபாயின் ஞாபகம்.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. மதுக்கடை நடத்துவதும் அதே அரசுதான். இதில் நான் கிண்டல் எதையும் தேடவில்லை, கஜானா அப்படித்தான் இயங்கும். மாறியிருப்பது வேறொன்று. கருப்பனின் காலத்தில் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் கருப்பன். இப்போது நுண்கடன் கம்பெனிகள் ஆணுக்குக் கடன் கொடுப்பதைவிட பெண்கள் குழுவுக்குக் கொடுப்பதையே விரும்புகின்றன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார வேண்டும். ஆட்டோவோ மாடோ எதை வாங்கினாலும், கையெழுத்து பார்வதியுடையது.