தலையாட்டியும் கமராவும்: யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடும் முகங்களின் கதை

போன வருடம் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு பலாலியிலிருந்து சென்னைக்குப் போனேன். அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு விமானம். சென்னை உள்நாட்டு முனையத்தின் வாசலில் ஒரு பக்கம் நீளமான வரிசை நின்றது. மறுபக்கம் சின்னக் கண்ணாடிக் கதவுகள். ஆக்கள் வந்து கமராவுக்கு முன்னால் ஒரு நொடி நிற்பார்கள், கதவு திறக்கும், போய்விடுவார்கள். அது 'டிஜி யாத்ரா'. ஆதாரோடு பதிவுசெய்த இந்தியர்களுக்கானது என்பதால் நாங்கள் கடவுச்சீட்டோடு நீள வரிசையில் நின்றோம்.

"உந்தப் பெட்டி என்ன செய்யுது பிள்ளை?"

"முகத்தைப் பாக்குது அம்மம்மா. முதலே குடுத்த படத்தோட ஒத்துப்போனாக் கதவு திறக்கும்."

"ஒத்துப்போகாட்டி?"

"திறக்காது. பக்கத்தில ஆக்கள் நிக்கினம், அவை பாப்பினம்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு சொன்னா: "அப்ப உது தலையாட்டிதான்."

நான் சிரித்துவிட்டேன். மதுரைக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. 2000க்குப் பிறகு பிறந்த எங்களில் பலருக்குத் தலையாட்டி என்றால் யார் என்றே வடிவாகத் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தை விட்டு ஒருவர் வெளிக்கிட வேண்டும் என்றால் அவருடைய முகத்தை யாரோ ஒருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது எங்கட ஊரில் பழைய கதை. கமரா அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் மட்டுந்தான்.

முகம் அட்டைக்குள் வந்த கதை

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, மெட்ராஸுக்குப் போனது. அதாவது, சுதந்திரம் கிடைப்பதற்கு முதலே யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறக்க முடிந்திருக்கிறது. பிறகு போர் வந்தது. அந்த வழி மறுபடி திறக்க 2019 ஆனது. அந்த ஆண்டு ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்ரெம்பரிலிருந்து இண்டிகோவும் பறக்கிறது.

முகத்தைத் தாளில் ஒட்டி ஆளை உறுதிப்படுத்தும் பழக்கமும் அவ்வளவு பழையதல்ல. 1880களில் பாரிஸ் பொலிஸில் வேலைசெய்த அல்போன்ஸ் பெர்த்தியோன், பிடிபட்டவர்களின் தலை, காது, கை நீளத்தையெல்லாம் அளந்து, படத்தோடு சேர்த்து அட்டையில் பதியத் தொடங்கினார். குற்றவாளிகளுக்கு என்று தொடங்கிய படம், முதலாம் உலகப் போரோடு எல்லோருடைய கடவுச்சீட்டுக்கும் வந்தது.

இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி 1972 இலிருந்து தேசிய அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. பழைய ஐசி இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஒரு சென்றியில் நிற்பவருக்கு வயதும் பால்நிலையும் ஒரு பார்வையில் தெரியும். அதைவிட முக்கியமானது மொழி. நீண்டகாலமாகத் தெற்கில் அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது, வடக்கு கிழக்கில் தமிழும் சேர்ந்திருந்தது. 2014 இல்தான் நாடு முழுக்க இரண்டு மொழியிலும் வந்தது. அதுவரை கொழும்பில் ஒருவர் ஐசியை நீட்டினால், படத்தைப் பார்க்க முதலே எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் பாஸ்

1990 இலிருந்து 1995 வரை குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வெளியே போவதற்கு அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். இளம் ஆக்களுக்குப் பாஸ் கிடைப்பது சுலபமல்ல. ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்தபடியால் பாஸ் கிடைத்தவர்களும் கிளாலியில் இரவோடு இரவாகப் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்தார்கள். அந்தத் தண்ணீரில் செத்தவர்கள் பலர். அம்மம்மாவின் தம்பி பாஸுக்காக மூன்று தரம் போய் மூன்று தரமும் திரும்பி வந்தவராம்.

1996இல் ஆட்சி கை மாறியது. பாஸின் பெயரும் மாறியது: 'கிளியரன்ஸ்'. இப்போது இராணுவத்தின் அனுமதி இல்லாமல் கப்பலோ விமானமோ ஏற முடியாது. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறி ஒரே நாளில் இரண்டு தரப்பிடமும் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. 2006 ஓகஸ்ற் 11 அன்று அந்தப் பாதையும் பூட்டுப்பட்டது. மறுபடி விண்ணப்பம், படம், போகும் காரணம், காத்திருப்பு, திருகோணமலைக்குக் கப்பல்.

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாலும் முடிந்ததா? 2007 ஜூன் 7 அன்று, தங்கியிருக்க 'தகுந்த காரணம் இல்லை' என்று 376 தமிழரைக் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஏற்றப்பட்டவர்களில் பலரிடம் ஐசி இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. எல்லாத் தாளும் சரியாக இருப்பதும் போக அனுமதிப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

தலையாட்டி

இனி அம்மம்மாவின் சொல்லுக்கு வருவோம். 1987 இலிருந்து 1990 வரை இந்திய அமைதிப்படை இங்கே இருந்த காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும் இலங்கை இராணுவத்தின் காலத்திலும், றவுண்டப் என்றால் நடப்பது இதுதான். விடியப்புறம் ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆக்களைக் கோயில் வீதிக்கோ பள்ளிக்கூட மைதானத்துக்கோ வரச் சொல்வார்கள். ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். உள்ளே முகத்தை மூடிக்கட்டிய ஒருவர். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவர் சும்மா இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். அவர் ஏன் ஆட்டினார் என்று கேட்க முடியாது. அவர் யார் என்றே தெரியாது. தலையாட்டிகள் பலர் தாங்களே பிடிபட்டு அடிவாங்கிய பெடியள் என்று ஊரில் சொல்வார்கள். அடிக்குப் பயந்து, யாரையாவது காட்டியே ஆகவேண்டும் என்று ஆட்டிய தலைகளும் இருந்திருக்கும்.

"உங்கட அம்மப்பாவும் ஒருக்கா அந்த வரிசையில போனவர்" என்று அம்மம்மா பிறகு சொன்னா. "அந்தத் துணி ஓட்டைக்குள்ள இருந்த கண்ணைத் தன்ர பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டின்ர கண் மாதிரி இருந்தது எண்டவர். ஆரெண்டு சாகுமட்டும் சொல்லேல்லை." அது தலையை ஆட்டவில்லை. அம்மப்பா வீட்டுக்கு வந்தார்.

கமரா எப்படிப் பார்க்கிறது?

கணினியால் முகத்தை அடையாளம் காணும் முயற்சி 1960களில் அமெரிக்காவில் வூடி பிளெட்சோ என்பவரோடு தொடங்கியது. கண், மூக்கு, வாய் இருக்கும் புள்ளிகளை மனிதர்கள் கையால் குறித்துக் கொடுக்க, கணினி தூரங்களை ஒப்பிட்டது. இன்றைக்கு அந்த வேலையை மென்பொருளே செய்கிறது. உங்கள் முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. இரண்டு முகங்களின் எண் வரிசைகளுக்கு இடையில் உள்ள தூரம் ஒரு எல்லைக்குள் இருந்தால் 'ஒரே ஆள்' என்கிறது. கவனியுங்கள்: அது 'இது இவர்தான்' என்று ஒருபோதும் அறிவதில்லை. 'போதுமான அளவு ஒத்திருக்கிறது' என்று மட்டும் சொல்கிறது. போதுமான அளவு எவ்வளவு என்பதை ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். எல்லையைத் தளர்த்தினால் வேறு ஆள் உள்ளே போவார். இறுக்கினால் சரியான ஆளே வெளியே நிற்பார்.

இந்த ஒப்பீடு இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, ஒருவருக்கு ஒருவர்: 'இவர் தன்னைச் சொல்லும் ஆள்தானா?' விமான நிலையக் கதவு கேட்பது இதைத்தான். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூர், வாரணாசியில் தொடங்கிய டிஜி யாத்ராவும், 2024 இலிருந்து கடவுச்சீட்டை எடுக்காமலே ஆக்களை அனுப்பும் சிங்கப்பூர் சாங்கியும் இந்த வசதியைத்தான் தருகின்றன. இரண்டாவது, ஒருவரைப் பலரோடு: 'இந்தக் கூட்டத்தில் எங்கட பட்டியலில் இருக்கிற ஆள் யார்?' தலையாட்டி செய்தது இது.

ஆகவே அந்தக் கதவு விஷயத்தில் அம்மம்மா சொன்னது பிழை என்று நான் வாதாடலாம். வாதாடினேன். ஆனால் இரண்டுக்கும் தேவையானது ஒரே கமராவும் ஒரே எண் வரிசையும். இடையில் இருப்பது ஒரு பட்டியல் மட்டும். இரண்டாவது விதத்தில் பிழைகளும் பெருகும். ஒரு கணக்குக்கு, ஆயிரம் பேரில் ஒருவரை இயந்திரம் தவறாகக் காட்டுகிறது என்று வைப்போம். நாளொன்றுக்கு 20,000 பேர் கடக்கும் இடத்தில் தினமும் 20 அப்பாவிகள் நிறுத்தப்படுவார்கள்.

அந்த 20 பேர் யார்? 2018 இல் ஜோய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் 0.8 சதவீதம் வரைதான் பிழை. கருநிறப் பெண்களில் அது 34.7 சதவீதம் வரை போனது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் செய்த சோதனையில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆபிரிக்க முகங்களை வேறு ஆளோடு குழப்புவது வெள்ளை முகங்களைவிட 10 இலிருந்து 100 மடங்கு அதிகம் என்று வந்தது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ரொபேர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் அவருடைய பிள்ளைகளின் கண் முன்னாலேயே கைதானார். கமரா பிழையாகத் தலையாட்டியிருந்தது. ஒரு வித்தியாசம்: அவரால் வழக்குப் போட முடிந்தது, இணக்கத் தீர்வு பெறவும் முடிந்தது.

இனி எங்கட முறை

2022 மார்ச்சில் இலங்கை இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தது, இந்திய நிதியுதவியோடு டிஜிற்றல் அடையாள அட்டை கொண்டுவருவதற்கு. முகம், கைவிரல் ரேகை, கருவிழி மூன்றையும் எடுப்பது திட்டம். அதே மாதம் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய நாள் 2025 இல் பின்தள்ளப்பட்டது. பூட்டு வர முதல் பெட்டி வருகிறது.

லைன் குறையும், லஞ்சம் குறையும், கச்சேரிக்கு அலைய வேண்டாம் என்பதெல்லாம் உண்மையான நன்மைகள். முழுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்பது எங்கட ஊருக்குப் புதிதல்ல என்பதை ஞாபகப்படுத்துகிறேன். 2011 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடு வீடாக ஆக்களைப் பதிந்து படம் எடுத்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட, மார்ச்சில் பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு சொன்னது. எந்தச் சட்டத்தின் கீழ் என் முகத்தை எடுக்கிறாய் என்று கேட்டதால்தான் அது நின்றது.

அதே மாதிரி இப்போதும் கேட்கலாம். படம் எவ்வளவு காலம் இருக்கும்? எந்தப் படை, எந்தத் திணைக்களம் அதைப் பார்க்கும்? முகம் தர விருப்பமில்லாதவருக்குப் பழைய வரிசை இருக்குமா? இயந்திரம் பிழையாகத் தலையாட்டினால் யாரிடம் போய், என்ன மொழியில் முறையிடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. பயணிகள் ஒவ்வொருவரும் கிளியரன்ஸ் எடுத்து, ஐசி காட்டி, முகம் காட்டி ஏறியவர்கள். 14 வருடம் கழித்துக் கடலடியில் சிதைவுகள் கிடைத்தன. 2013 ஜனவரியில் மீட்ட உடுப்புகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் வைத்தபோது, உறவினர்கள் சட்டையையும் சீலையையும் பார்த்துத்தான் தங்கட ஆக்களை அடையாளம் கண்டார்கள்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அம்மாக்களின் கையில் இருப்பதும் படங்கள்தான். பலது ஐசிக்கு எடுத்த படம், பெருப்பித்தது. போகும்போது முகத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், எழுதி வைத்தார்கள், அனுமதித்தார்கள், பிடித்தார்கள். அந்த முகங்கள் எங்கே என்று கேட்டால் மட்டும் பதிவு இல்லை.

மதுரையிலிருந்து திரும்பி வரும்போது பலாலியில் குடிவரவு அலுவலர் அம்மம்மாவின் கடவுச்சீட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடி போட்டிருந்ததால் ஒத்துவரவில்லைப் போலும். "கண்ணாடியைக் கழட்டுங்கோ அம்மா" என்றார். அம்மம்மா கழற்றிவிட்டு அவரை நேரே பார்த்தா. "நான்தான் தம்பி" என்றா. அவர் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல ஒரு இடமும், கேட்க ஒரு மனிதரும் இருக்க வேண்டும். கமரா வரட்டும். அந்த இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.