சேற்று நிலத்தில் கட்டும் முறை: ஐந்து வரியும் உரையும்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பீச் ஸ்திரீட் ஒருகாலத்தில் கடலை ஒட்டியே கிடந்தது. அதற்கப்பால் வெல்டு கீ வரையிலான நிலம், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தூர்த்து எடுத்தது. தூர்ப்பது இன்றும் நிற்கவில்லை: தஞ்சோங் தோக்கோங், கெர்னி கடற்கரை, 2023இல் தென்கரைக்கு அப்பால் தொடங்கிய சிலிக்கான் தீவு. இத்தகைய கரையோரங்களில் கொட்டும் மணலுக்கு அடியில் இளகிய கடற்களி இருப்பது வழக்கம். அதை உறுதியாக்கும் முறையை ஐந்து வரியில் அடக்கி, உரையும் தருகிறேன்.

1. களியில் பாரத்தை முதலில் நீர் தாங்கும்.

கடற்களியில் உலர்மண்ணின் எடைக்கு நிகரான நீர்கூட இருக்கலாம். மேலே மணல் ஏறியதும் அந்தப் பாரம் மண்துகள்களைச் சேராது. இடையிலுள்ள நீரின் அழுத்தமாக ஏறும். நீர் வெளியேற வெளியேறத் துகள்கள் நெருங்கிப் பாரத்தை ஏற்கும், நிலம் அமிழும். ‘முதலில்’ என்றது, துகள்கள் இன்னும் பாரத்தை ஏற்காத ஆபத்தான காலத்தைக் குறித்து. மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவாரில், பண்படுத்தாத களியின்மேல் ஒரு மண்கரையைச் சரியும்வரை உயர்த்திப் பார்த்தது. 5.4 மீட்டரில் அது சரிந்தது. எந்த உயரத்தில் சரியும் என்று பன்னாட்டு வல்லுநர்கள் செய்த கணிப்புகள் 1989 கோலாலம்பூர் கருத்தரங்கில் உண்மையோடு ஒப்பிடப்பட்டன. இலங்கைத் தமிழரான பேராசிரியர் ஏ. எஸ். பாலசுப்ரமணியமும் அந்தக் கரையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர்.

2. வழி பாதியானால் காலம் கால்பங்கு.

இது 1925இல் மண்பொறியியல் அறிஞர் டெர்சாகி வகுத்த கோட்பாட்டின் சாரம். களியைக் கடந்து வெளியேற நீருக்கு ஆகும் காலம், அது போகும் தொலைவின் இருமடிக்கு ஏற்ப நீளும். 20 மீட்டர் களியில், கீழே மணற்படுகை இல்லையென்றால், அடிநீர் 20 மீட்டரும் ஏறியாக வேண்டும். பல பத்தாண்டுகள் போய்விடும். 1.2 மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்தாக வடிகால் இறக்கினால், பக்கவாட்டில் முக்கால் மீட்டருக்குள் வழி கிடைக்கும். சில மாதங்களில் பெரும்பகுதி அமிழ்வு முடிந்துவிடும்.

3. பட்டை வழிவிடும், பாரம் தள்ளும்.

‘பட்டை’ என்றது, வேலைத்தளத்தில் பிவிடி என்று சொல்லும் வடிகால் பட்டையை. இரண்டு செயற்கைப் பொருள்கள் கூடிய ஒன்று அது. நடுவே நீரோடும் பள்ளங்கள் கொண்ட பாலிப்ரொப்பிலீன் தண்டு. சுற்றிலும் ஜியோடெக்ஸ்டைல் துணி. அகலம் ஏறக்குறைய 10 செ.மீ., கனம் சில மி.மீ. தண்டு இல்லையேல் மண் நெருக்கி வழி நசுங்கும். துணி இல்லையேல் களி புகுந்து வழி அடையும். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

1940களில் சுவீடனில் வால்டர் ஷெல்மன் இதை அட்டையால் செய்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எஸ். எல். லீ குழுவினர் சணல் துணிக்குள் தென்னைநார்க் கயிறு வைத்துச் செய்தார்கள். வேலை முடிந்தபின் அது மட்கினால் குற்றமில்லை.

பட்டையே நீரை இழுத்துவிடாதா எனின், விடாது; அதற்கு அந்த ஆற்றல் இல்லை. தள்ளுவது மேலே குவித்த மணல். அதனால்தான் வேண்டியதைவிட உயரமாகக் குவித்து, அமிழ்வு அடங்கியபின் மிகுதியை அகற்றுகிறார்கள். பட்டைகளை மிக நெருக்கமாக இறக்கினால் விரைவு கூடுமா எனின், ஓரளவுக்கே. பட்டையைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழல் இறங்கும்போது சுற்றுக்களி குழம்பி, நீர்விடும் தன்மை குறைகிறது.

4. மண் தேறும்வரை வலை பிடிக்கும்.

நீர் வெளியேறும் மாதங்களில் மண்கரை பக்கவாட்டில் பிதுங்கிச் சரியப் பார்க்கும். அடியில் விரித்த வலுவான பாலியெஸ்டர் துணியோ ஜியோகிரிட் வலையோ அந்த இழுவிசையைத் தாங்குகிறது. ஆனால் அமிழ்வை அது நிறுத்தாது. ‘தேறும்வரை’ என்றதால், மண்ணுக்கு வலிமை வந்தபின் வலையின் பங்கு குறையும் என்பதும் பெறப்படும்.

5. எட்டாத ஆழமும் அமிழும், அளந்தபின் கட்டு.

கடலைத் தூர்த்துக் கட்டிய ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் 1994இல் திறக்கப்பட்டது. மேற்களியில் மணல் வடிகால்கள் இறக்கியிருந்தார்கள். அவை எட்டாத ஆழ்களி இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ‘அளந்தபின்’ என்றது அமிழ்வுத் தட்டையும் நீரழுத்தமானியையும் நோக்கி. நாட்காட்டியைப் பார்த்துக் கட்டத் தொடங்குவது தவறு. நீரழுத்தம் இறங்கியதென்று அளவை காட்டவேண்டும். அதுவே கட்டுவதற்கான அனுமதி.

பினாங்கில் தூர்த்த நிலத்தில் வீடோ கடையோ வாங்குவோர் மூன்றைக் கேளுங்கள்: அடியில் களி எத்தனை மீட்டர், பட்டை எதுவரை இறங்கியது, அமிழ்வுப் பதிவு என்ன சொல்கிறது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் அதற்குப் பிறகு போதும்.