மண்ணுள் கிடந்த இடைவார்த் தகடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களும், நாட்டின் ஒருமைப்பாட்டை நிலைநாட்ட முனைந்த வட மாநிலங்களும் அதிற் பொருதன. பெயரறியாது புதைக்கப்பட்டோர் மிகப் பலர். வீரர்க்கு அடையாள வில்லை வழங்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. ஆகவே, உடலோடு கிடந்த பொத்தானும் இடைவார்த் தகடுமே மாண்டவர் எப்படையினர் என்பதை உணர்த்தும் சான்றுகளாயின.

வட படையின் காலாள் வீரர் அணிந்த தகடு முட்டை வடிவினது; 3 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. மெல்லிய பித்தளையை அச்சில் அழுத்தி, 'யூ. எஸ்.' என்னும் எழுத்துகளைப் புடைத்து நிற்கச் செய்து, பின்புறத்தில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினர். தோட்டாப் பையின் மூடியிலும் இத்தகைய தகடே விளங்கிற்று. இடைவார்த் தகட்டின் பின்புறத்தில் கொளுவிகள் இருக்கும்; பைத் தகட்டிலோ கம்பி வளையங்கள் இருக்கும். மண்ணிலிருந்து எடுக்கப்படும்போது, பித்தளை பசுமை படர்ந்தும் ஈயம் வெண்மை பூத்தும் காணப்படும்.

தென் மாநிலங்களில் ஆலைகள் குறைவு. ஆங்கே 'சீ. எஸ்.' எழுத்துடைய தகடுகளும், தனி மாநிலங்களின் சின்னம் பொறித்தனவும், எழுத்தே இல்லாத எளிய சட்டக் கொளுவிகளும் வழங்கின. எழுத்துடைய தென்னாட்டுத் தகடுகள் அரியன. ஆதலின் அவற்றின் விலை உயர்ந்தது. விலை உயரவே போலிகளும் பெருகின.

இரண்டாம் உலகப் போரின் பின், இராணுவம் கழித்துவிட்ட கண்ணிவெடி காட்டும் கருவிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின. அவற்றைக் கொண்டு போர்க்களங்களைத் துழாவித் தகடுகளைத் திரட்டுவோர் தோன்றினர். மண்ணோடு மட்கியிருக்கக்கூடிய பல பொருள்கள் அவர்தம் ஆர்வத்தாலேயே காக்கப்பட்டன என்பதை மறுத்தல் நேர்மையன்று.

எனினும், தகடு மட்டும் உண்மையை முற்றும் உரைக்குமோ? தென் படையினர் பலர் வடவரிடமிருந்து கைப்பற்றிய தகடுகளையே அணிந்தனர். சிலர் எழுத்துகள் தலைகீழாய் நிற்க அணிந்தனர். ஆகவே, 'யூ. எஸ்.' என்னும் எழுத்தைக் கண்ட அளவில், அணிந்தவன் வடவன் எனத் துணிதல் தவறாகும். அது கிடந்த இடம், ஆழம், அருகே கிடந்த குண்டு, பொத்தான் ஆகியன ஒருங்கே நோக்கப்படும்போதே உண்மை புலனாகும்.

இம்முறையின் பயனை வேறொரு களம் காட்டிற்று. 1876இல் அமெரிக்கக் குதிரைப்படையும் பழங்குடியினரும் பொருத லிட்டில் பிக்ஹோர்ன் களத்தில், 1984ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர் இவ்வகைக் கருவிகளையே பயன்படுத்தினர். ஒவ்வொரு குண்டும் தோட்டாக் கூடும் கிடந்த இடத்தைப் படத்திற் குறித்தனர். அதனால் வீரர் நின்ற இடங்களும் பெயர்ந்த வழிகளும் புலப்பட்டன. கருவி ஒன்றே, குறிப்பெழுதும் ஒழுக்கமே வேறு.

போர்க்களப் பூங்காக்கள் உள்ளிட்ட கூட்டாட்சி நிலங்களில் உரிமமின்றித் தொல்பொருள் தோண்டுதலை 1979ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. தனியார் நிலத்தில் உடையவர் இசைவுடன் தேடுவோரின் பொறுப்போ அவர்தம் மனச்சான்றைச் சார்ந்தது. இடம் குறியாது பெயர்த்தெடுத்த தகட்டை மீண்டும் மண்ணில் வைக்கலாம். அது சொல்லவிருந்த செய்தியை மீட்டல் இயலாது. பெயரின்றி மாண்ட வீரனுக்கு எஞ்சிய சாட்சி அதுவொன்றேயாகவும் இருக்கலாம் அன்றோ?