பேர் விழாத வேலை

சப்ரகமுவ மலைச்சரிவுத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதிகள் தராத ஒரு பொருள் உண்டு. அங்கே பேர் என்றால் ஒரு நாட்சம்பளம். தோட்டம் நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர்; குறைந்தவளுக்கு அரைப்பேர். பெற்றோர் இட்ட பெயர் ஒருபுறம் இருக்க, செக்ரோலில் அன்று பேர் விழுந்ததா இல்லையா என்பதே அடுப்பு எரிவதைத் தீர்மானிக்கிறது. பேரைப் போடும் கை கணக்கப்பிள்ளையின் கை. உழைத்தவள் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் எக்காலத்திலும் இருந்ததில்லை.

முன்னாளில் கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசின் முள்ளைப் பார்த்து அவர் றாத்தலைச் சொல்வார். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கழிவு போகும். இன்று முள்ளின் இடத்தில் ஒளிரும் எண்கள் வந்துள்ளன. இத்தகைய இலக்கத் தராசுகள் பலவற்றின் பின்புறத்தில் சிறு வாயில் ஒன்று இருக்கும். அதில் ஒரு கம்பியைச் செருகினால், நிறையைக் குறிக்கும் எண் கணினிக்குப் போய்ச் சேரும். ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வருவதுபோல எழுத்துக்கள் ஒவ்வொன்றாகச் செல்வதால் இதற்குத் தொடர்வழி, ஆங்கிலச் சொல்லில் சீரியல், என்று பெயர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தபோது, கொம்பனிகள் கிலோக் கணக்கை உயர்த்தும் பேச்சை எடுத்தன. அந்தக் கிலோவை யார் அளக்கிறார், அளந்ததை யார் எழுதுகிறார் என்னும் கேள்வி, தராசு மாறிய பின்னும் மாறவில்லை.

நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்டது அந்தக் கம்பியின் மறுமுனை. கணினிக்குள் அதை ஏற்று வாங்கும் 'இயக்கி' என்னும் சிறு நிரலையும், அதைப் பழுதின்றிக் காத்துவந்த மனிதரையும் பற்றியது இக்கட்டுரை. தேயிலையை எழுதிய பேனாக்கள் பல. கான் வெட்டியவனை எழுதியவை சில. கணினி வரலாற்றிலும் நிலைமை அதுதான்.

தொடர்வழித் தொடர்புக்கான ஆர்.எஸ்-232 என்னும் நியமம் 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. தட்டச்சுத் தந்திப் பொறிகளையும் தொலைபேசி மோடங்களையும் இணைக்கப் பிறந்த நியமம் அது. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று கொண்டால், வினாடிக்கு 960 எழுத்துக்கள் வரும். 1981இல் ஐ.பி.எம். தன் சிறு கணினியில் பயன்படுத்திய 8250 என்னும் சில்லு, வந்த எழுத்தை ஒன்றுக்கு மேல் வைத்திருக்க மாட்டாதது. ஒரு மில்லி வினாடிக்குள் இயக்கி ஓடிவந்து அதை எடுத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த எழுத்து அதன்மேல் விழும். முதல் எழுத்து அழிந்துபோகும். ஒரு கம்பிக்கே இந்தப் பாடு. பதினாறு கம்பிகள் என்றால் வினாடிக்கு 15,360 எழுத்துக்கள்.

பதினாறு கம்பிகள் எங்கே தேவைப்பட்டன? ஏழை நாடுகளில்தான் மிகுதியாகத் தேவைப்பட்டன. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி வாங்கப் பணமில்லாத அலுவலகம், ஒரே கணினியை வாங்கி, அதிலிருந்து பல திரைகளுக்குக் கம்பி இழுத்தது. இந்திய வங்கிகளைப் பொறிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை தந்தது. தொழிற்சங்கங்கள் வேலையிழப்பை அஞ்சி வாதாடி ஒப்பந்தங்கள் செய்துகொண்ட காலம் அது. அதன் பின்வந்த ஆண்டுகளில் கிளைகளில் நுழைந்த யூனிக்ஸ் கணினிகள் இவ்வகையின. இதற்கெனக் கணினிக்குள் செருகப்படும் பலகைக்குச் சீரியல் அட்டை என்று பெயர். (அட்டை என்றதும் இரத்தினபுரிப் பிள்ளைகளுக்கு மழைநாளில் காலில் ஏறும் அட்டையே நினைவுக்கு வரும். இது இரத்தம் குடிப்பதில்லை, நேரத்தைக் குடிப்பதுண்டு.) விலையுயர்ந்த அட்டைகளில் தனிச் செயலியும் நினைவகமும் இருந்தன. எழுத்துக்களைத் தாமே சேர்த்துவைத்து, மொத்தமாகக் கணினியிடம் ஒப்படைக்கும் அறிவு அவற்றுக்கு இருந்தது.

அந்த அறிவின் மறைபொருள் உற்பத்தியாளனிடம் இருந்தது. இயக்கியின் மூலநிரலை வெளியிடாமல், இயந்திரம் மட்டுமே படிக்கத்தக்க வடிவில் விற்பது வழக்கம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்புக்கதையே இங்குதான் தொடங்குகிறது. 1980ஆம் ஆண்டளவில், ரிச்சர்ட் ஸ்டால்மன் தம் ஆய்வுகூடத்து ஸெராக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரலைக் கேட்டார். அதை வைத்திருந்தவர், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தமிட்டிருப்பதாகச் சொல்லி மறுத்தார். ஓர் இயக்கியைத் திருத்த முடியாத கோபம் 1983இல் குனூ திட்டமாயிற்று. லினக்ஸின் கதையும் தொடர்வழியில் தொடங்கியதுதான். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் எழுதியது, மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு பேசும் ஒரு சிறு நிரல். அதுவே வளர்ந்து இயங்குதளமாயிற்று. 1992இல் அது குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது: படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்; திருத்தியதைப் பகிரும்போது இந்த உரிமைகளைப் பிறருக்கு மறுக்கலாகாது.

இனி நம் கதைக்குரிய இரண்டு அட்டைகள். ஒன்று, பிரேசிலில் தோன்றிய சைக்கிளேட்ஸ் நிறுவனத்தினது. மற்றொன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மல்ட்டி-டெக் நிறுவனத்தினது. அதன் இயக்கிக்கு ஐசிகாம் என்று பெயர். ஐசிகாமின் மூலநிரலை மல்ட்டி-டெக் நிறுவனமே வழங்கியது. 1998இல் ஆலன் காக்ஸ் அதைச் செப்பனிட்டு லினக்ஸ் மரத்தில் சேர்த்தார். பாராட்ட வேண்டிய செயல்தான். ஆனால் அட்டைக்குள் ஏற்றப்படும் நிரல் மட்டும் மூடிய வடிவிலேயே தொடர்ந்தது. மடுவத்தின் முன்கதவு திறந்திருந்தது, உள்ளறை பூட்டியிருந்தது.

மூலநிரலைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உளர். லினக்ஸின் கருவகம் நாள்தோறும் மாறுவது. பூட்டும் முறை மாறும். நினைவகம் கேட்கும் முறை மாறும். இயக்கிகளோடு கருவகம் பேசும் மொழியே மாறும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பத்தாண்டுக்கு முந்திய இயக்கிகளை எல்லாம் ஒருவர் திறந்து திருத்த வேண்டும். இல்லையேல் அவை இயங்கா. புதிதாக எதுவும் பிறக்காத, இருப்பது இருந்தபடி இருக்கச் செய்யும் உழைப்பு இது. மழைக்கு முன் கானில் மண் அள்ளுபவனைத் துரையின் அறிக்கையில் தேடுவது போன்றதே இதைச் செய்தவரைத் தேடுவது.

ஆயினும் லினக்ஸிடம் நம் செக்ரோலை ஒத்த ஓர் ஏடு உண்டு. யாவரும் படிக்கக்கூடிய ஏடு. 'பராமரிப்பாளர்' என்னும் அந்தக் கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் நேரே ஆளின் பெயரும் ஒரு நிலைச்சொல்லும் இருக்கும். 'ஆதரிக்கப்படுகிறது' என்றால் அவ்வேலைக்கு ஒருவர் சம்பளம் பெறுகிறார். 'பராமரிக்கப்படுகிறது' என்றால் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். சம்பளத்தைப் பற்றிப் பேச்சில்லை. 'அநாதை' என்றால் எவரும் இல்லை. மென்பொருள் உலகின் கூலி உறவை இவ்வளவு சுருக்கமாகவும் நேர்மையாகவும் எழுதிவைத்த வேறொரு ஆவணத்தை நாம் கண்டதில்லை. அங்கே பேர் விழுவதற்கும் கூலி கிடைப்பதற்கும் தொடர்பில்லை என்பதை ஏடே ஒப்புக்கொள்கிறது.

2006இல் சைக்கிளேட்ஸ் நிறுவனம் அவோசென்ட் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாறியது. உலகச் சந்தையும் சீரியல் அட்டையை விட்டு வேறு இணைப்புகளுக்கு நகர்ந்தது. ஐசிகாம், சைக்கிளேட்ஸ் இரண்டுமே 'அநாதை' ஆயின. அந்த அண்மை ஆண்டுகளில் ஐசிகாமைத் திறந்து பழுது பார்த்தவர்களுள் முக்கியமானவர் செக் நாட்டவரான ஜிரி ஸ்லாபி. அட்டையை விற்ற கொம்பனியின் ஆள் அல்லர். அதே காலத்தில், சீரியல் கம்பிகளும் திரைகளும் சேர்ந்த 'டி.டி.ஒய்.' பகுதி முழுவதையும் சுமந்த ஆலன் காக்ஸ், ஒரு பழுதைப் பற்றி டோர்வால்ட்ஸுடன் ஏற்பட்ட தகராற்றில், 2009 ஜூலையில் அப்பொறுப்பைத் துறந்தார். எவரும் விரும்பித் தொடாத பழைய பகுதி என்று பெயர்பெற்றது அது. சுமந்தவரின் முதுகில் ஏறி நின்று குறை சொல்வது எளிது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

பின்னர் டி.டி.ஒய். பராமரிப்பாளர்களுள் ஒருவரான ஸ்லாபியே, 2021இல் ஐசிகாமையும் சைக்கிளேட்ஸையும் லினக்ஸிலிருந்து நீக்கினார். பழுது பார்த்த கையே புதைக்கவும் நேர்ந்தது. அவரைக் குறைகூற நமக்கு மனம் இல்லை. அநாதை இயக்கியிலும் பொது மாற்றங்களைச் செய்தாக வேண்டும். ஆனால் சோதித்துப் பார்க்க அட்டை இல்லை, பயன்படுத்துவதாகச் சொல்ல ஆள் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கவாத்து வெட்டுவதற்கு ஒப்பானது அது.

திறந்த மூலநிரலே பொதுவுடைமை என்று மாணவ நண்பர்கள் சிலர் மகிழ்கிறார்கள். அது கொம்பனிகளுக்குக் கிடைத்த இலவசக் கூலி என்று வேறு சிலர் ஒதுக்குகிறார்கள். இருசாராரும் உரிமையைப் பார்த்த அளவுக்கு உழைப்பைப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து. மல்ட்டி-டெக் தன் அட்டையை விற்று இலாபம் கண்டது. விற்பனை ஓய்ந்த பின் அதைக் காக்கும் செலவு, அதை விற்காதவர் தலையில் விழுந்தது. பொதுச்சொத்து என்ற பெயர் அச்செலவை மறைக்க உதவியது. அதே வேளையில், மூலநிரல் திறந்திராவிட்டால் ஸ்லாபி போன்றவர் அதைத் தொட்டிருக்கவும் முடியாது. அட்டை வாங்கிய அலுவலகங்கள் விற்றவன் கைவிட்ட நாளிலேயே திகைத்து நின்றிருக்கும். அந்த உரிமை சிறிதன்று. அதன் அருமையை அறியக் கேகாலையைத்தான் நினைக்க வேண்டும். 1946இல் நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நம்மவர் வாயில் உருளவள்ளியை, அரசு கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்ந்து மண்ணைக் காத்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தனர், அவ்வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. காத்தவர்க்குக் காத்த பொருளில் உரிமை உண்டு என்று சொல்ல ஒரு சட்டவரியும் அன்று இல்லை. குனூ உரிமம் மென்பொருளில் அந்த வரியை எழுதியது. கூலியைப் பற்றிய வரியை அது எழுதவில்லை.

நீக்கப்பட்ட ஐசிகாம் இன்றும் பழைய பதிப்புகளில் அப்படியே கிடக்கிறது. எவரும் எடுத்துப் படிக்கலாம். எந்த நாளில், எந்த வரியை, யார், என்ன காரணம் சொல்லித் திருத்தினார், யார் நீக்கினார் என்பது வரலாற்றுப் பதிவில் வரிவரியாக உள்ளது. அட்டைக்குள் ஓடிய மூடிய நிரலுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. 8250 சில்லின் எளிய இயக்கியோ இன்னும் லினக்ஸில் உயிருடன் இருக்கிறது. தராசுக் கம்பியைச் செருகினால் எண்ணை வாங்கிக்கொள்ளும். அந்த எண்ணிலிருந்து ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிந்தது என்பதைக் கொழுந்து மடுவத்தில் கூடையை இறக்கி நிற்பவள் இன்னும் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.