ஒழுகும் மாடியும் ஒரு கருங்கல்லும்

இந்த ஐப்பசி மழையில் எங்கள் கூடத்தில் மூன்று இடங்களில் பாத்திரம் வைத்தோம். இரண்டு மாதம் முன்புதான் மாடித் தளத்துக்குப் புது ஓடு பதித்து, மேலே ஏதோ கெமிக்கலும் பூசி, "பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வாங்கிப் போனார் ஒரு காண்ட்ராக்டர். பழைய தளத்தைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார் என்பது, பிறகு வந்து பார்த்த வயதான கொத்தனார் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வாட்டமும் சரியில்லை. தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் எதிர்மூலையில் தேங்குகிறது. ஓட்டைப் பதிக்கச் சொன்னேன், ஓட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன் செய்தால் முதலில் "வர்றேன் சார்", பிறகு "சைட்ல இருக்கேன் சார்". இப்போது மணி மட்டும் அடிக்கிறது.

"முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தீங்களே, இதுக்கு அதுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் வீட்டம்மா. இருக்கிறது.

1901-02இல் ஈரானின் சூசா நகரில் தோண்டிய பிரெஞ்சுக்காரர்களுக்கு உடைந்த கரிய கல்தூண் ஒன்று கிடைத்தது. ஒட்டவைத்துப் பார்த்தால் இரண்டே கால் மீட்டர் உயரம். இன்று பாரிஸ் லூவ்ரில் நிற்கிறது. பாபிலோனை கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்ட ஹமுராபியின் சட்டங்கள் அதில் உள்ளன. "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்" என்று நாம் வகுப்பில் படித்தோமே, அதே கல்தான்.

கட்டுவோர் பற்றிய சட்டங்கள் 228ஆம் எண்ணில் தொடங்குகின்றன. முதலில் கூலி. ஒரு சார் பரப்புக்கு, அதாவது சுமார் 36 சதுர மீட்டருக்கு, இரண்டு ஷெக்கல் வெள்ளி. அடுத்தது 229: கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. 230 இன்னும் கொடுமை. வீட்டுக்காரரின் மகன் செத்தால் கட்டியவரின் மகனைக் கொல்ல வேண்டுமாம். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான்? இந்த இரண்டையும் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும், அதனால் வருஷா வருஷம் சொல்வேன். அதற்குள் மணி அடித்துவிடும்.

சொல்லாமல் விட்டவைதான் இன்று எனக்கு வேண்டியவை. 232: வீடு இடிந்து பொருள் நாசமானால் கட்டியவர் அதை ஈடு செய்து, வீட்டையும் தன் செலவில் திரும்பக் கட்ட வேண்டும். 233: வேலை சரியில்லாமல் சுவர் சாய்ந்தால் தன் வெள்ளியைப் போட்டு உறுதிப்படுத்தித் தர வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 235. அது படகைப் பற்றியது. அந்த ஊரில் மழை குறைவு. பேரீச்ச மரத்தையும் நாணல் பாயையும் பரப்பி மேலே மண் பூசினால் கூரை. தண்ணீர் புகாமல் காக்கும் பெரிய தொழில் அங்கே படகில்தான் இருந்தது. யூப்ரடீஸ் கரையில் ஹிட் என்ற ஊரில் நிலத்திலிருந்து ஊறும் தாரை எடுத்துப் படகின் இடுக்குகளை அடைப்பார்கள். அடைத்தது சரியில்லாமல் அதே வருஷத்தில் படகு பழுதானால், செய்தவர் அதைப் பிரித்துப்போட்டு, தன் பொருளால் உறுதியாக்கி உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பிரித்துப்போட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலே இன்னொரு கோட் பூசிச் சமாளிக்க இடமே இல்லை. கூடவே ஒரு வருஷ கேரண்டி! 3,700 ஆண்டுகளுக்கு முன்பு!

இது நீதிமன்றத்தில் நடைமுறையில் இருந்த சட்டமா, அல்லது "நான் நீதிமான்" என்று அரசன் நட்டுவைத்த கல்லா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் அந்த ஊரிலும் ஒழுகியிருக்கிறது, யாரோ போய் முறையிட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு 1804இல் நெப்போலியனின் சிவில் சட்டம், கட்டடம் கட்டுமானக் குறையால் அழிந்தால் கட்டியவருக்கும் கட்டடக் கலைஞருக்கும் பத்து வருஷப் பொறுப்பு என்றது. அந்தப் பிரிவின் எண் 1792. ஹமுராபி பட்டமேறிய ஆண்டும் அதே. தற்செயல்தான், ஆனால் மனப்பாடம் செய்ய வசதி.

நம் நாட்டில், வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, புது ஃபிளாட்டில் ஐந்து வருஷத்துக்குள் வேலைக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் புரமோட்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். என்னுடையது பழைய வீடு, வெறும் ரிப்பேர். எனக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கையில் இருப்பது பணம் அனுப்பிய ரசீதும் ஒரு துண்டுச் சீட்டும். எழுத்தில் ஒப்பந்தம் வாங்கவில்லை, வாத்தியார் செய்த தப்பு அது. நேற்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பதித்ததை எடுத்துவிட்டு, வாட்டம் பார்த்து, உங்கள் செலவில் மறுபடி போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன். இன்றும் மேகம் கறுத்திருக்கிறது, பாத்திரங்கள் கூடத்திலேயே இருக்கின்றன.