தேர்தல் திடலும் வாக்காளன் செவியும்

தேர்தல்களின் வரலாற்றை எழுதியவர்கள் மேடையில் நின்று பேசியவர்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். மேடைக்கு எதிரே மணலிலும் புழுதியிலும் அமர்ந்து கேட்டவனைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. அவன் வந்தான், துண்டை விரித்து அமர்ந்தான், நள்ளிரவு வரை கேட்டான், வீடு திரும்பினான். பிறகு ஒரு நாள் வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் நுழைந்து, யாரிடமும் சொல்லாமல் தன் முடிவைத் தெரிவித்துவிட்டு வெளியே வந்தான். ஆட்சிகள் அமைந்ததும் கவிழ்ந்ததும் அவனால்தான்.

அந்தத் திடலில் எல்லோருடனும் சேர்ந்து அமர்ந்து கேட்பது ஓர் உரிமை. மறைப்புக்குள் தனியனாக நின்று முடிவு செய்வது மற்றோர் உரிமை. இன்று இவ்விரண்டும் இயல்பானவையாகத் தோன்றுகின்றன. ஆனால் இவை ஒரே நாளில் வந்தவையல்ல, ஒன்றாக வந்தவையுமல்ல. இவை நம்மை வந்தடைந்த வழியை அறிந்தவர்களுக்கே இவற்றின் அருமை விளங்கும்.

கை தூக்கியவனும் வாக்குடையவனும்

நம் தேர்தல் முறைக்குப் பிறப்பிடமான இங்கிலாந்தில், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை திடலும் வாக்குச்சாவடியும் ஒன்றாகவே இருந்தன. மரப்பலகைகளால் மேடை அமைத்து, வேட்பாளர்கள் அதன்மேல் ஏறிப் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் கூடியிருப்போர் கை உயர்த்தித் தம் விருப்பத்தைத் தெரிவிப்பார்கள். அப்படிக் கை உயர்த்தியவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே கிடையாது. தோற்றதாகக் கருதப்பட்ட வேட்பாளர் முறையான வாக்கெடுப்பைக் கோரினால், வாக்குரிமையுள்ள சிலர் மட்டும் முன்வந்து, தம் வாக்கு யாருக்கு என்பதை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். அது ஏட்டிலும் பதிவாகும். நிலக்கிழாரின் நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த குடியானவன், அந்நிலக்கிழாரின் முன்னிலையிலேயே வாய்திறந்து தன் வாக்கைச் சொல்ல வேண்டியிருந்த நிலையை எண்ணிப் பார்த்தால், அந்த வாக்கு யாருடையது என்பது புலனாகும். 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாக்குச்சீட்டுச் சட்டம்தான் இந்த முறைக்கு முடிவு கட்டியது. அன்று முதல் திடல் வேறு, வாக்களிக்கும் இடம் வேறு என்றாயிற்று.

கடற்கரை மணலில்

நம் நாட்டில் இக்கதை வேறொரு விதமாகத் தொடங்கியது. 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் காந்தியடிகள் ஒத்துழையாமை பற்றியும் கிலாபத் பற்றியும் உரையாற்றினார். மௌலானா ஷவ்கத் அலி அவருடன் அந்தப் பயணத்தில் வந்திருந்தார். முஸ்லிம்களும் இந்துக்களும் அருகருகே அமர்ந்து அந்த உரையைக் கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 50 ஆயிரம் பேரே. சொத்தும் வரியும் அதற்குரிய தகுதிகளாயிருந்தன. காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. வாக்குரிமை பெற்றிருந்தவர்களிலும் நான்கில் ஒரு பகுதியினரே வாக்களித்தார்கள்.

கடற்கரை மணலில் அமர்ந்து கேட்டவர்களில் மிகப் பலருக்கு வாக்கு இல்லை. வாக்கு உடையவர்களில் மிகப் பலர் சாவடிக்குச் செல்லவில்லை. செவி ஓரிடத்திலும் வாக்கு வேறிடத்திலும் இருந்த காலம் அது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. இந்திய மாகாணச் சட்டமன்றங்களில் இதை முதலில் செய்த பெருமை சென்னைக்கே உரியது. ஆயினும் சொத்துத் தகுதி என்னும் வேலி அவர்களுக்கும் இருந்தது.

தனித்தொகுதிக் காலம்

முஸ்லிம்களைப் பொறுத்தவரை மற்றொரு வேலியும் இருந்தது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ - மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதிகளை அளித்தது. முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கலாம்; பொதுத்தொகுதி வேட்பாளருக்கு அவர்கள் வாக்களிக்க இயலாது என்பதும் பின்னர் விதியாயிற்று. சிறுபான்மையினரின் உண்மையான பிரதிநிதி அவைக்குச் செல்ல இம்முறை உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திடலில் இதன் விளைவு என்னவாயிற்று? பொதுத்தொகுதி வேட்பாளருக்கு முஸ்லிம் வாக்காளனைத் தேடிச் சென்று பேச வேண்டிய தேவையே எழவில்லை. முஸ்லிம் வேட்பாளருக்கும் பிற சமயத்தார் முன் நின்று தம் கட்சியை விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் இரு வேறு தேர்தல்களில் வாக்களித்தார்கள்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பொதுக்கூட்டம் புதிய வலிமை பெற்றது. சத்தியமூர்த்தி போன்ற பேச்சாளர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். கே.பி. சுந்தராம்பாள் போன்ற கலைஞர்கள் மேடையேறிப் பாடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காகக் கட்சிக்கொரு வண்ணத்தில் பெட்டிகள் வைக்கப்பட்டதால், ‘மஞ்சள் பெட்டி’ என்பதே காங்கிரசின் மறுபெயராயிற்று. மொத்தம் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது. அந்த 215இல் 28 இடங்கள் முஸ்லிம்களுக்குரியவை. 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த 28 இடங்களையும் முஸ்லிம் லீக் வென்றது.

ஒரே பட்டியல், ஒரே திடல்

விடுதலைக்குப் பின் இந்தத் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டுமா என்னும் வினா அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. 1947 ஆகஸ்ட் 27ஆம் நாள் சென்னை மாகாணத்தின் பி. போக்கர் சாகிப் தனித்தொகுதிக்காகத் திருத்தம் கொண்டுவந்தார். 1949 மே மாதத்தில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அதே கருத்தை மீண்டும் வலியுறுத்தினார். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பேகம் அய்ஸாஸ் ரசூல், சிறுபான்மையினர் தம்மைத் தாமே பிரித்துக்கொள்வது அவர்களுக்கே தீங்காய் முடியும் என்று மாறுபட்டு வாதிட்டார். இரு தரப்பினரும் சமுதாயத்தின் நலனையே நாடினார்கள். பெரும்பான்மை வெள்ளத்தில் சிறுபான்மையின் குரல் அமிழ்ந்துவிடுமோ என்னும் முன்னவர்களின் அச்சம் வீணானதென்று இன்றும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

முடிவில் பொதுத்தொகுதி முறையே நிலைபெற்றது. சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் பேரில் எவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கலாகாது. ஒரு தொகுதிக்கு ஒரே பட்டியல்தான் என்று அரசியல் சட்டத்தின் 325ஆம் பிரிவு விதித்தது. 326ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. தனித்தொகுதிக்காக வாதாடிய காயிதே மில்லத் அவர்களே இந்தப் பொதுப் பட்டியலின் வழியாக, கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றார்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். அன்று முதல் வேட்பாளர் எவராயினும், திடலில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் தம் வாக்காளராகக் கருதிப் பேச வேண்டியவரானார். தொப்பி அணிந்தவனும் திருநீறு பூசியவனும் சிலுவை அணிந்தவனும் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒரு தெருவில் ஒன்றும் மறு தெருவில் வேறொன்றும் பேசுவது அதனால் கடினமாயிற்று.

அத்தேர்தலில் நிகழ்ந்த ஒரு செய்தியை நம் குடும்பத்தினர் கருத்தூன்றி அறிய வேண்டும். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். பட்டியல் எழுத வந்தவர்களிடம் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டும் சொல்லித் தம் சொந்தப் பெயரைத் தெரிவிக்க மறுத்ததே அதற்குக் காரணம். நாடு வாக்கை அளித்தும் வீட்டின் வழக்கம் அதைத் தடுத்துவிட்டது.

1967 கற்பித்த பாடம்

தமிழ்நாட்டில் பொதுக்கூட்டத்தின் செல்வாக்கு உச்சத்தை எட்டியது 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் எனலாம். அறிஞர் அண்ணாவின் தலைமையில் அமைந்த கூட்டணியில் சுதந்திராக் கட்சியும் முஸ்லிம் லீகும் இடம்பெற்றிருந்தன. அரிசித் தட்டுப்பாட்டால் வாடிய மக்களிடம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் பேச்சு ஆழப் பதிந்தது. காங்கிரஸ் ஆட்சி அகன்றது. அக்கட்சியின் அகில இந்தியத் தலைவராயிருந்த காமராசரே தம் சொந்த ஊராகிய விருதுநகரில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார்.

காமராசர் கூட்டத்துக்கு ஆள் வராமலா தோற்றார்? அல்ல. அவர் சென்ற இடமெல்லாம் மக்கள் திரண்டார்கள், அவரை மதித்தார்கள், கேட்டார்கள். முடிவை மட்டும் தமக்குள் வைத்துக்கொண்டார்கள். திடலில் தலைகளை எண்ணலாம். அத்தலைகளுக்குள் இருப்பதை எண்ண இயலாது. வாக்குறுதியின் கதியையும் அதே வாக்காளன் கண்டான். 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. நிதி நெருக்கடியால் அதனை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க இயலவில்லை. மேடையில் கேட்டதை அடுப்படியில் அளந்து பார்ப்பது எப்படி என்பதை அவன் அப்போது கற்றான்.

கேட்பவனின் கடமை

கேட்பவனைக் காக்கச் சட்டமும் சில வேலிகளை அமைத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தேர்தல் கூட்டத்தில் கலகம் விளைவித்து அதை நடைபெறவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. சமயத்தின் பேரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்கிறது. வேட்பாளரின் சமயம் மட்டுமன்று, வாக்காளரின் சமயத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் 2017 ஜனவரி 2ஆம் நாள், நால்வர் பெரும்பான்மையுடன் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நமக்கு எதிராகப் பேசுவோரை மட்டுமல்லாமல், நம் பெயரால் பேசுவோரையும் கட்டுப்படுத்துவதாகும்.

ஆனால் சட்டத்தால் மட்டும் ஆகாத காரியங்களும் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு லாரியில் ஏறித் திடலுக்கு வருபவன் கேட்பவனல்லன். அவன் அங்கு கூலிக்கு அமர்ந்தவன். அவன் கைதட்டலைக் கண்டு அடுத்தவன் ஏமாறுகிறான். பணப் பட்டுவாடாவின் காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டுப் பின்னர் நடத்தப்பட்டன. நூறாண்டுக் காலம் போராடிப் பெற்ற அமானிதத்துக்கு இவ்வளவுதானா விலை?

உயிரின் விலையையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 27ஆம் நாள் கரூரில் தமிழக வெற்றிக் கழகத்தின் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். காணவும் கேட்கவும் வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. திரளும் தலைகளே வலிமையின் சான்று என்று கட்சிகள் எண்ணும் வரை, நெருக்கித் திணிக்கப்படும் கூட்டமே அவர்களுக்கு வேண்டியதாயிருக்கும். காற்றும் குடிநீரும் வெளியேறும் வழியும் உள்ள திடலைக் கேட்பது வாக்காளனின் உரிமை. அவை இல்லாத இடத்திலிருந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுவது அவனுடைய அறிவுடைமை.

கூட்டத்துக்குப் போவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்து சேரும் துண்டுப் பேச்சுகள் நமக்கு விருப்பமானவற்றையே திரும்பத் திரும்பத் தருகின்றன. திடலிலோ முழுப் பேச்சையும் கேட்கிறோம். எந்தச் சொல்லுக்கு அண்டை வீட்டுக்காரர் கை தட்டுகிறார், எந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்கிறார் என்பதையும் காண்கிறோம். ஆகவே நம் கட்சியின் கூட்டத்துக்கு ஒரு முறை செல்பவர், எதிர்க்கட்சியின் கூட்டத்துக்கும் ஒரு முறை செல்வது நல்லது. கேட்டதை வீட்டிலுள்ள பெண்களோடு கலந்து பேச வேண்டும். அவர்கள் தாமே சென்று கேட்பதாயின் இன்னும் நன்று. அவர்களுடைய பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவர்களுடைய முடிவும் அவர்களுடையதே.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரத்தில் தேர்தல் கூட்டம் எதுவும் நடத்தலாகாது என்று சட்டம் விதித்திருக்கிறது. ஒலிபெருக்கிகள் ஓய்ந்து, ஊர் அமைதியாகிறது. கேட்ட பேச்சையெல்லாம் ஒன்றோடொன்று வைத்து நிறுத்துப் பார்ப்பதற்காகவே வாக்காளனுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அது. அந்த இரண்டு நாட்களில் கதவைத் தட்டி உறையை நீட்டுபவனுக்கு நாம் என்ன மறுமொழி சொல்கிறோம் என்பதில்தான், திடலில் நாம் கேட்டவற்றுக்கெல்லாம் பொருள் உண்டா இல்லையா என்பது தெரியவரும்.