வயலும் வழக்கும் : தமிழவேள் பி.டி. இராசன்

போடிநாயக்கனூரின் மேற்கே ஏல மலைகள் எழுந்து நிற்கின்றன. கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. மேலே குறிஞ்சி, கீழே மருதம் எனத் திணைகள் இரண்டும் அரை நாள் நடைத் தொலைவில் கைகோக்கும் நிலம் இது. 1928ஆம் ஆண்டு மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப் பாதை வந்ததற்கும் மலையின் ஏலக்காயும் பிற விளைபொருள்களுமே தலையாய காரணம். இம்மண் ஈன்ற பொதுவாழ்வினருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் உத்தமபாளையம் பி.டி. இராசன் ஆவார். தமிழ்கூறு நல்லுலகம் 'தமிழவேள்' என்று அவரை வாழ்த்தியது. எனினும் அவர் வாழ்வின் முழுமையை நம் இலக்கிய மன்றங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

பொன்னம்பல தியாகராசன் என்னும் முழுப்பெயருடைய அவர் 1892ஆம் ஆண்டில் உத்தமபாளையத்து நிலக்கிழார் குடியில் பிறந்தார். 1895 அக்டோபரில் பென்னிகுயிக் கட்டிய பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அப்போது இராசனுக்கு வயது மூன்று. பள்ளத்தாக்கின் வாழ்வே மாறிய காலத்தில் வளர்ந்த பிள்ளை அவர்.

இளமையிலேயே கடல் கடந்து கேம்பிரிட்ஜ் நகரின் லேஸ் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டின் இயேசு கல்லூரியிலும் பயின்றார். வரலாற்றில் பட்டமும் சட்டக் கல்வியும் பெற்றுப் பாரிஸ்டராகத் திரும்பினார். ஆயினும் வழக்கறிஞர் அங்கியை அவர் நெடுநாள் அணியவில்லை. நீதிக்கட்சி அவரை ஈர்த்தது. 1920இல் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அற்றை நாளில் வாக்குரிமை சொத்துடையார்க்கே உரியது. ஏலத் தோட்டத்தில் காய் பறித்தவளுக்கும், வயலில் நாற்று நட்டவளுக்கும் அந்தத் தேர்தலில் இடமில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆட்சியில்

1930இல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் வளர்ச்சித் துறை அவர் பொறுப்பாயிற்று. பின்னர்ப் பொப்பிலி அரசர் அமைச்சரவையிலும் நீடித்துப் பொதுப்பணித் துறையை ஏற்றார். ஈண்டு ஒரு செய்தி நோக்கத்தக்கது. இரட்டையாட்சி முறையில் வேளாண்மையும் கூட்டுறவும் அமைச்சர் கையில் இருந்தன. நீர்ப்பாசனமோ ஆளுநரின் 'ஒதுக்கப்பட்ட' துறையாக இருந்தது. உழவனுக்கு விதை பற்றிச் சொல்லும் உரிமை அமைச்சருக்கு உண்டு. நீரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இல்லை. ஆற்றுப் பாசனத்தையே உயிராகக் கொண்ட ஊரிலிருந்து சென்ற ஒருவருக்கு இந்த எல்லைக்கோடு எத்துணைக் கசப்பாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். 1936 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, பொப்பிலி அரசர் விடுப்பில் சென்றிருந்த காலத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் விளங்கினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வீழ்ந்தது.

தோற்ற கட்சியின் துணை

1944 ஆகஸ்டு 27 அன்று சேலம் மாநாட்டில் பெரியார் தலைமையில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' எனப் பெயர் மாறியது. அரசு தந்த பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டும் என்பதும் அங்கு எழுந்த தீர்மானம். 'சர்' பட்டம் பெற்றிருந்த இராசன் உடன்படவில்லை. பழைய பெயரோடு ஒதுங்கி நின்றோர்க்கு அவர் தலைவரானார். காலம் பெரியாரின் பக்கமும், பின்னர் அண்ணாவின் பக்கமும் திரும்பியது. வரலாற்றின் போக்கை இராசன் சரியாகக் கணிக்கவில்லை என்று கூறுவாரும் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வேறொன்றையும் சொல்கிறது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அது. நாடெங்கும் மங்கிவிட்ட அக்கட்சிக்குக் கம்பம் தொகுதி மட்டும் வெற்றி தந்தது, வென்றவர் இராசன். சொத்துடையார் வாக்கில் தொடங்கியவரை, சொத்தற்றோரும் சேர்ந்து ஒருமுறை தேர்ந்தெடுத்தனர். 1957இல் அதே மண் அவரைக் கைவிட்டது. வெற்றி தோல்வி இரண்டையும் தம் ஊராரிடமிருந்தே அவர் பெற்றுக்கொண்டார்.

தமிழும் திருப்பணியும்

அரசியல் ஓய்ந்த பின்னும் அவர் ஓயவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். 1963இல் குடமுழுக்குக் கண்ட மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணியில் முன்னின்றார். 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பின், புதிய ஐயப்பன் திருமேனியைத் தமிழகமெங்கும் ஊர்வலமாகக் கொண்டு செல்லும் பணியில் நாடகக் கலைஞர் நவாப் இராசமாணிக்கத்தோடு கைகோத்தார். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர, ஏல மலையின் முகடு மாநில எல்லையாயிற்று. ஐயப்பன் வழிபாடோ எல்லைக்கு இருபுறமும் தழைத்தது. 1974 செப்டம்பர் 25 அன்று இராசன் மறைந்தார்.

நிறைவாக

தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு செல்லும் கால்வாய்கள் இரண்டு உள்ளன. ஒன்று தந்தை பெரியார் கால்வாய், மற்றொன்று பி.டி.ஆர். கால்வாய். இரண்டும் சேர்ந்து 5,146 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகின்றன. அவற்றுக்கு நீர் திறக்கும் ஆணையும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். சேலத்தில் பிரிந்த இருவர் பெயரும் ஒரே ஆற்று நீரை வயலுக்குச் சுமக்கின்றன. அமைச்சராக இருந்த நாளில் அவர் கைக்கு எட்டாத நீர், அவர் மறைந்தபின் அவர் பெயரிலேயே ஓடுகிறது. கொள்கையால் வேறுபட்டோரை நாம் மதிப்பிடுங்கால், அவர்கள் நின்ற அணியை மட்டும் நோக்காது, ஊருக்கு அவர்கள் விட்டுச் சென்றதையும் நோக்குதல் வேண்டும். பாட்டெழுதும் நம் மன்றத்தார்க்கு அவ்வாய்க்காலின் கரையில் ஒரு பாடல் காத்திருக்கிறது எனலாம்.